கடைசி ஆள் கேட்டை மூடவும்

கல்சுவரில் டங்கனின் சைக்கிள் மட்டும் சாய்ந்து நின்றது. டங்கனைக் காணோம். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ முனகுவது கேட்டது. காலையில் கிளம்புமுன் மூன்று சாஸேஜை ஒரே ரொட்டிக்குள் திணித்து, மேலே கடுகுச் சாந்தையும் பிழிந்து அவன் விழுங்கியபோதே, இது ஏறும்போது வேலையைக் காட்டும் என்று மோரீன் நினைத்தாள். காட்டிவிட்டது. அவள் நிற்கவில்லை. கூப்பிடவும் இல்லை. மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு அந்த சைக்கிளைத் தாண்டினாள். தாண்டிய பிறகுதான் தான் என்ன செய்தோம் என்பது உறைத்தது. ஆறு வருடத்தில் முதல் முறையாக மோரீன் டங்கனுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.

நெஞ்சு திக்திக்கென்று அடித்தது. ஏற்றத்தினால் பாதி, சந்தோஷத்தினால் பாதி.

கிர்க்பெக் ஊரிலிருந்து மேட்டுக்கு ஏறும் அந்தத் தடம் பண்ணைக்காரர் மெட்காஃபின் கிடா மேய்ச்சல் வழியாகப் போகிறது. ஐந்து செம்மறிக் கிடாக்கள். கறுத்த முகம், வெள்ளை மூக்கு, காதைச் சுற்றி வளைந்த கொம்பு. அவற்றில் மிகப் பெரியதற்கு மோரீன் ஹெட்மாஸ்டர் என்று பெயர் வைத்திருந்தாள். அவள் பஸ் ஓட்டும் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியரின் முகம் அப்படியே அதற்கு இருந்தது. ஹெட்மாஸ்டர் அசை போடுவதை நிறுத்திவிட்டு அவளை ஏறிட்டுப் பார்த்தது. "என்ன பாக்கறே? நான்தான், மோரீன்தான்" என்றாள். பேசியதற்குத் தண்டனையாக அடுத்த இருபது கஜத்துக்கு மூச்சு வாங்கியது.

ஞாயிறுதோறும் மேட்டில் சைக்கிள் ஓட்டும் நால்வர் கூட்டம் அது. குழாய் வேலை செய்யும் டங்கனுக்கு நாற்பத்திரண்டு வயது, காலில் என்ஜின் வைத்துப் பிறந்தவன். ஹேசல் மருத்துவமனையில் நர்ஸ். மோரீனுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே சிநேகிதி. நெவிலுக்கு அறுபத்தாறு ஆகிறது. முப்பத்தைந்து வருடம் சைக்கிளில் தபால் கொடுத்துவிட்டு, ஓய்வு பெற்ற மறுநாளே வேறொரு சைக்கிள் வாங்கிய மனிதர். நான்காவது மோரீன். ஐம்பத்து மூன்று வயது. எப்போதும் கடைசி.

கடைசி ஆளுக்கு ஒரு வேலை உண்டு. கேட்டை மூட வேண்டும். மேட்டு நிலத்தில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் வேறு எந்த விதியை மீறினாலும் இதை மட்டும் மீறுவதில்லை. முன்னால் போகிறவர் திறப்பார், நடுவில் வருகிறவர்கள் நுழைவார்கள், கடைசியில் வருகிறவர் மூடுவார். கொஞ்ச தூரம் போனதும் ஹேசல் தொண்டை கிழிய "கேட்டு!" என்று கத்துவாள். பின்னாலிருந்து "ஆச்சு!" என்று பதில் வந்தால் மேலே போகலாம். ஆறு வருடமாக அந்த "ஆச்சு" மோரீனுடையது. அவளுக்கே கேட்டு மோரீன் என்று பெயர் வந்துவிட்டது. டங்கன் வைத்த பெயர்தான், வேறு யார் வைப்பார்கள்?

பெயர் அவளுக்கு வலிக்கவில்லை. வலித்தது வேறொன்று. ஏப்ரலில் ஒரு ஞாயிறு, சைக்கிள் ஓட்டி முடித்து பப்பில் உட்கார்ந்திருந்தார்கள். மோரீன் கழிப்பறையிலிருந்து திரும்பி, கதவில் கை வைத்தபோது டங்கனின் குரல் கேட்டது. "மே மாசம் ஸ்காட்லாந்து போனா ரெண்டு நாள் ஓட்டணும். மோரீனக் கூட்டிட்டுப் போனா பாதி நாள் நின்னுட்டேதான் இருக்கணும். அவ வந்து சேர்றதுக்குள்ள நமக்கு உடம்பு விறைச்சிரும்." நெவில் ஏதோ முணுமுணுத்தார். ஹேசல் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம்தான் மோரீனைக் குத்தியது. அவள் திரும்பிப் போய் இன்னொரு தரம் கை கழுவிவிட்டு வந்தாள். அந்த மே மாதம் நல்லவேளையாக நெவிலுக்கு முதுகு பிடித்துக்கொண்டது, ஸ்காட்லாந்து அடுத்த மேக்குத் தள்ளிப்போனது.

அன்றிலிருந்து பஸ்ஸைக் கொட்டகையில் விட்டதும் நேரே சர்ச் மேடுதான். முதலில் ஒரு தரம் ஏறினாள், பாதியில் இறங்கித் தள்ளினாள். ஜூனில் மூன்று தரம் ஏறினாள். ஆகஸ்டில் மழையோடு ஐந்து தரம். யாரிடமும் மூச்சு விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வேண்டுமென்றே பழைய மோரீனாகப் பின்னால் வந்தாள். செப்டம்பர் இரண்டாம் ஞாயிறு, வருடத்துக்கு ஒரு முறை மேட்டை முழுதாகக் குறுக்கே கடக்கும் நாள் வரட்டும் என்று காத்திருந்தாள். அந்த நாள்தான் இது.

நெவிலை அவள் வளைவில் தாண்டினாள். "அட, கண்ணு!" என்றார் அவர், வேறு எதுவும் சொல்ல மூச்சில்லாமல். ஹேசல் கேட்டுக்கு ஐம்பது கஜம் கீழே ஹெல்மெட் வாரைச் சரிசெய்ய நின்றிருந்தாள். மோரீன் கடந்து போவதைப் பார்த்து அவள் கை வாரிலேயே நின்றுவிட்டது.

"அடியே, யாருடி நீ?"

"வழி விடு, வழி விடு!"

கேட்டின் முன்னால் போய் நின்றபோதுதான் மோரீனுக்கு ஒரு வேடிக்கை புரிந்தது. இந்த கேட்டை அவள் எத்தனை முறை மூடியிருப்பாள் என்று கணக்கே இல்லை. ஆனால் திறந்ததே இல்லை. அவள் வரும்போதெல்லாம் அது திறந்தே கிடந்தது. பலகையில் மெட்காஃப் சிவப்புப் பெயின்டால் எழுதியிருந்ததைக் கூட இன்றுதான் நேருக்கு நேர் படித்தாள்: கடைசி ஆள் கேட்டை மூடவும். உன்னைத்தான் சொல்கிறேன். இரும்புப் பிடியைத் தூக்கித் தள்ளினாள். அசையவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினாள்.

"இழுக்கணும்டி! உன் பக்கமா இழு!" என்று பின்னாலிருந்து ஹேசல் சிரிப்போடு கத்தினாள்.

இழுத்தாள். கேட் திறந்தது. அந்தப் பக்கம் ஹெதர் என்ற குத்துச்செடி பூத்து, கண்ணுக்கு எட்டிய வரை ஊதா நிறமாகக் கிடந்தது. முன்னால் ஒரு முதுகும் இல்லை. ஒரு பின்சக்கரமும் அவள் முகத்தில் சேறு அடிக்கவில்லை. இந்த மேட்டுக்கு இப்படி ஒரு முகம் இருப்பதே அவளுக்கு இதுவரை தெரியாமல் போய்விட்டது.

"டங்கன் பின்னால வர்றான். அவன் மூடிக்குவான்" என்று சொல்லிவிட்டு ஏறி மிதித்தாள்.

அதற்கப்புறம் மூன்று மைல் அவள் எப்படி ஓட்டினாள் என்று அவளைக் கேட்டால் தெரியாது. மணல் தடம், நடுவே கருங்கல், ஓரத்தில் கரி நிறச் சேறு. புதரிலிருந்து காட்டுக்கோழி ஒன்று அலறிக்கொண்டு எழும்பியது, மோரீனும் பதிலுக்கு அலறினாள். காற்று முதுகைப் பிடித்துத் தள்ளியது. "ஐயோ, ஐயோ, ஐயோ" என்று சிறுபிள்ளை மாதிரி சொல்லிக்கொண்டே ஓட்டினாள். மேட்டின் நடுவே தனியாக நிற்கும் கிழவன் கல்லை முதலில் தொடுகிறவருக்கு நெவிலின் டப்பாவிலிருந்து இஞ்சி கேக்கின் நடுத்துண்டு. ஆறு வருடமாக அவள் மூலையில் உதிர்ந்த தூளைத்தான் தின்றிருக்கிறாள். எங்கோ பின்னால், காற்றில், ஹேசலின் குரல் "கேட்டு!" என்றது.

"ஆச்சு!" என்று கத்திவிட்டு மோரீன் கியரை மாற்றினாள்.

கிழவன் கல்லின் தலையில் இரண்டு கையையும் வைத்தபோது அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. காற்றினால்தான் என்று சொல்லிக்கொள்ளலாம். ஹேசல் வந்து சைக்கிளை அப்படியே ஹெதரில் போட்டுவிட்டு அவளைக் கட்டிக்கொண்டாள். நெவில் ஹெல்மெட்டைக் கழற்றி மார்பில் வைத்து ராணிக்கு வணங்குவதுபோல வணங்கிவிட்டு, டப்பாவைத் திறந்து நீட்டினார். மோரீன் நடுத்துண்டை எடுத்தாள். பாதியை ஒரே கடியில் வாய்க்குள் போட்டாள். கேக் ஒட்டும், இனிக்கும், இஞ்சி மூக்கில் ஏறும். இதைச் சாப்பிட்டபடியே டங்கனிடம் ஸ்காட்லாந்து பற்றிச் சொல்ல வேண்டும் என்று ஐந்து மாதமாக வசனம் தயாரித்து வைத்திருந்தாள்.

டங்கன் வந்தான். முகம் வெளிறி, வயிற்றை ஒரு கையால் பிடித்தபடி. கல்லின் மேல் உட்கார்ந்திருந்த மோரீனைப் பார்த்ததும் அவன் பிரேக் பிடிக்க மறந்து ஹெதருக்குள் போய் நின்றான்.

"நீ எப்படி இங்க?"

வாய் நிறைய கேக் இருந்ததால் மோரீன் புருவத்தை மட்டும் தூக்கிக் காட்டினாள்.

"நீ எனக்குப் பின்னால இல்ல வந்தே? எப்பவும் கால் மணி நேரம் பின்னால..." அவன் பேச்சு அப்படியே நின்றது. அவன் மெல்லத் திரும்பி, தான் வந்த தடத்தைப் பார்த்தான். "அப்ப கேட்டு?"

ஹேசல் ஒரு அடி முன்னால் வந்தாள்.

"டேய், மூடலையா நீ?" என்றாள் ஹேசல்.

"பின்னால கேட்டு மோரீன் வர்றான்னு நெனச்சேன். அவதானே மூடுவா! நான் என்னைக்கு மூடியிருக்கேன்?"

"நான் கேட்டு கேட்டுன்னு கத்துனேனே! ஆச்சுன்னு சொன்னியேடா!"

"நான் எங்க சொன்னேன்? நீ கத்துனதே எனக்குக் கேக்கல."

"அப்ப யாரு சொன்னது? நெவில், நீங்களா?"

"எனக்கு எதுக்கும்மா அந்த வேலை?" என்றார் நெவில்.

மோரீனின் வாயில் கேக் மண்ணாகிவிட்டது. பழக்கம், வெறும் பழக்கம். ஆறு வருடமாக அந்தக் குரல் கேட்டால் அந்தப் பதில். முன்னால் போகிறோம் என்பதைக் கால் தெரிந்துகொண்டது, வாய்க்குத் தெரியவில்லை. பேசாமல் இருந்தால் பழி டங்கனோடு போய்விடும். நியாயமாகப் பார்த்தால் கடைசி ஆள் அவன்தான். ஸ்காட்லாந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. பேசாமல் இருக்கலாம். ஒரு விழுங்கு விழுங்கும் நேரம் அவள் பேசாமல்தான் இருந்தாள்.

"நான்தான் சொன்னேன்" என்றாள். "முன்னால இருந்துகிட்டே சொல்லிட்டேன். பழக்கதோஷம். நான் வாயை மூடிட்டு இருந்திருந்தா, பதில் வரலியேன்னு ஹேசல் நின்னிருப்பா."

ஹேசலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. ஆனால் நெவில் சிரிக்கவில்லை. டப்பாவை மூடிக்கொண்டே சொன்னார்: "செப்டம்பர்ல கிடா வெளிய வந்தா பிப்ரவரில குட்டி. முழங்கால் பனியில பிறக்கும். மெட்காஃப் நம்ம தோலை உரிச்சு அந்தக் கேட்டுலயே தொங்க விட்ருவான்."

கிடாக்களை நவம்பரில்தான் பெட்டைகளோடு விடுவார்கள், குட்டிகள் ஏப்ரல் புல்லுக்குப் பிறக்க வேண்டும் என்று. பெட்டைகள் நூற்றைம்பதும் இப்போது மேட்டில்தான் மேய்ந்துகொண்டிருந்தன. நடுவில் இருந்தது அந்த ஒரு கேட்.

திரும்பி ஓட்டினார்கள். காற்று இப்போது எதிரே. வரும்போது செல்லமாகத் தள்ளிய அதே காற்று மார்பில் கை வைத்துத் தடுத்தது. டங்கன் வயிற்றை மறந்து முன்னால் பறந்தான். மோரீன் அவன் பின்சக்கரத்தை விடவில்லை. பயமாகத்தான் இருந்தது, ஆனாலும் உள்ளே ஏதோ ஒன்று வெட்கமில்லாமல் குதித்துக்கொண்டிருந்தது. அவனோடு ஒட்டி ஓட்ட முடிகிறதே!

கேட் மலரத் திறந்து கிடந்தது. நான்கு கிடாக்கள் வெளியே வந்து, கிடைத்த சுதந்திரத்தை என்ன செய்வதென்று தெரியாமல் பத்தடி தள்ளி நின்று ஹெதரைக் கடித்துக்கொண்டிருந்தன. கீழிருந்து மெட்காஃபின் நான்கு சக்கர வண்டி உறுமிக்கொண்டு ஏறி வந்தது, பின்னால் நாய் நின்றிருந்தது.

"ஹேசல், நீ கேட்டுல நில்லு! நெவில், அந்தப் பக்கம்!" என்று டங்கன் கையை வீசினான்.

"நாலுதான் இருக்கு" என்றாள் மோரீன். "ஹெட்மாஸ்டர் எங்க?"

ஹெட்மாஸ்டர் இடது பக்கம், சரிவின் விளிம்பில் நின்றது. தலையைத் தூக்கி, மேலுதட்டைச் சுருட்டி, காற்றை மோந்து பார்த்தது. கீழே ஓடையருகில் பெட்டைகள் இருபது இருந்தன. அது ஒரு முடிவுக்கு வந்து கீழே இறங்கி மறைந்தது.

அந்தச் சரிவுக்குப் படிக்கட்டு என்று பெயர். கல்லும் பள்ளமும் மாறி மாறி நாற்பது கஜம் செங்குத்தாக இறங்கும். டங்கன் அதில் பறப்பான். மோரீன் ஒவ்வொரு முறையும் இறங்கி, சைக்கிளைக் கையால் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் நடந்து போவாள். இன்று விளிம்புக்குப் பக்கத்தில் இருந்தது அவள்தான். நடந்து போக நேரமில்லை. இருந்திருந்தாலும் அது அவளுக்கு நினைவு வந்திருக்காது.

முதல் கல்லில் முன்சக்கரம் விழுந்தபோது பல் கிட்டியது. பிருஷ்டத்தைப் பின்னால் தள்ளு, தள்ளு, என்று டங்கன் ஆறு வருடமாகக் கத்துவது இப்போதுதான் அவள் பிருஷ்டத்துக்குக் கேட்டது. இரண்டாவது கல். பள்ளம். ஒரு கால் பெடலைவிட்டுப் போய்த் திரும்பி வந்தது. "டேய்! நில்லுடா! நில்லு!" என்று அவள் கத்தினாள். ஹெட்மாஸ்டர் கீழே ஒரு மண்திட்டுக்குப் பின்னால் போய்விட்டது, கண்ணில் படவில்லை. கடைசிக் கல்லைத் தாண்டிச் சக்கரம் இரண்டும் தரையைவிட்டு எழும்பின. எழும்பியதா, இல்லை அவளுக்கு அப்படித் தோன்றியதா என்று பிற்பாடு பப்பில் நிறைய விவாதம் நடந்தது.

மண்திட்டைச் சுற்றி வந்தபோது ஹெட்மாஸ்டர் பெட்டைகளுக்கு நடுவில், மிகுந்த மரியாதையோடு நின்றுகொண்டிருந்தது. மோரீன் சைக்கிளைக் குறுக்கே போட்டு நிறுத்தினாள். பெட்டைகள் சிதறி ஓடின. கிடா தலையைத் தாழ்த்தியது. அந்தக் கொம்பைப் பார்த்து அவள் சைக்கிளைத் தனக்கும் அதற்கும் நடுவில் இழுத்துக்கொண்டாள். ஆனாலும் நாற்பது பிள்ளைகளை ஒரே சத்தத்தில் அடக்குகிற அந்தக் குரல் தானாகவே வந்துவிட்டது.

"ஏய்! எழுந்து நிக்காதே! போய் உன் எடத்துல உக்காரு!"

ஹெட்மாஸ்டர் விழித்தது. ஒரு கணம் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அது ஏதோ மறந்துபோனதைத் தேடுவதுபோலத் திரும்பி மேலே நடந்தது. எதிரே டங்கன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்கி வந்தான். நாயும் அவனோடு வந்து, கிடாவுக்குப் பின்னால் சுற்றிப் போய் அதன் குதிகாலோடு ஒட்டிக்கொண்டது. டங்கன் மேலே பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"இதுலயா இறங்குனே? ஓட்டிக்கிட்டா?"

மோரீனும் அப்போதுதான் நிமிர்ந்து அந்தக் கற்களைப் பார்த்தாள்.

"மே மாசம் ஸ்காட்லாந்துக்கு நானும் வர்றேன்" என்றாள். தயாரித்து வைத்திருந்த வசனம் இது இல்லை. "கேக்கலடா. சொல்றேன்."

டங்கனின் வெளிறிய முகத்தில் ரத்தம் ஏறியது. "அன்னைக்கு பப்புல... உனக்குக் கேட்டுதா?"

"அந்தக் கதவு அவ்வளவு தடிமன் இல்ல."

அவன் ஹெல்மெட்டுக்குள் விரலைவிட்டுச் சொறிந்தான். பிறகு அவள் சைக்கிளையும் ஒரு கையில் பிடித்துக்கொண்டான். "விடு, நானே தள்ளிக்குவேன்" என்று அவள் பிடுங்கிக்கொண்டாள். இருவரும் ஹெட்மாஸ்டரை முன்னால் விட்டு ஏறினார்கள்.

மெட்காஃப் எழுபது வயது மனிதர். திட்டுவார் என்று எதிர்பார்த்தார்கள். அவர் திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது. கிடாக்களைக் கேட்டுக்கு உள்ளே விட்டு, ஐந்து என்று விரலால் எண்ணி, ஹெட்மாஸ்டர் மேல் விரலை நிறுத்தினார்.

"இவன் எவ்வளவு நேரம் கண்ணுல படாம இருந்தான்?"

"மூணு நிமிஷம் இருக்கும், மிஸ்டர் மெட்காஃப்" என்றாள் மோரீன்.

"மூணு நிமிஷமா?" அவர் ஹெட்மாஸ்டரைப் பார்த்தார். அவர் பார்வையில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "அவனுக்கு அது தாராளம். சரி, பிப்ரவரில தெரியும். அப்படி ஏதும் இருந்துச்சுன்னா பனியில குட்டி தேட நாலு பேரும் வந்து நிக்கணும். நடந்துதான். சைக்கிள் கிக்கிள் எதுவும் வேணாம்."

"வந்துடறோம்" என்றார் நெவில். மெட்காஃப் தலையை ஆட்டிவிட்டு, நாயை ஏற்றிக்கொண்டு கீழே போய்விட்டார்.

கேக் டப்பா கிழவன் கல்லில் கிடந்தது. பாதி மேடு இன்னும் பாக்கி. ஹேசலும் நெவிலும் முதலில் கிளம்பினார்கள். மோரீன் கேட்டைத் தாண்டி வெளியே வந்து, பழக்கத்தில் காலை ஊன்றித் திரும்பினாள். டங்கன் பிடியில் கை வைத்தபடி அங்கேயே நின்றான்.

"போ. நான்தான் கடைசி" என்றான்.

அவள் மிதித்தாள். நூறு கஜம் போயிருப்பாள். முன்னாலிருந்து ஹேசல் இந்தத் தடவை இரண்டு மடங்கு சத்தத்தில் கத்தினாள்.

"கேட்டு!"

"ஆச்சு!" என்று இரண்டு குரல்கள் ஒன்றாகக் கேட்டன.

நான்கு சைக்கிளும் பிரேக் பிடித்தன. மோரீன் வாயைப் பொத்திக்கொண்டாள். ஹேசல் ஹேண்டில்பாரில் தலையைக் கவிழ்த்துக் குலுங்கினாள். டங்கன் சைக்கிளைப் படுக்க வைத்துவிட்டு, வந்த வழியே நடந்து போய், மூடிய கேட்டைப் பிடித்து இரண்டு தரம் உலுக்கிப் பார்த்தான். கம்பிகளுக்கு நடுவே வெள்ளை மூக்கை நீட்டி ஹெட்மாஸ்டர் அவனை மேற்பார்வை பார்த்தது. மேட்டில் காற்று ஏறிக்கொண்டிருந்தது, வியர்வை காய்ந்து உடம்பு விறைத்தது. மோரீன் கைகளை அக்குளில் சொருகிக்கொண்டு, அவன் வந்து சேரட்டும் என்று நின்றாள்.